மயில் கழுத்தில் மாட்டிய ஆடு

கள்ளிக்குப்பத்தில் பள்ளிக்கூடத்துக்கும் கிளை நூலகத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. ஆள் உயரம்கூட இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு புத்தகத்தை நீட்டினால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் எட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இன்றுவரை யாரும் நீட்டியதில்லை, யாரும் வாங்கியதில்லை. அந்தச் சுவர் மேல் துணி காய்கிறது, பூனை நடக்கிறது, தேர்தல் வந்தால் சின்னம் வரைகிறார்கள். இரண்டு நிறுவனங்களும் பகையும் இல்லாமல் பழக்கமும் இல்லாமல் மிகுந்த கண்ணியத்தோடு வாழ்ந்துவந்தன.

அந்தக் கண்ணியத்துக்கு மேலிடத்திலிருந்து ஆபத்து வந்தது. "பள்ளி நூலகங்களும் பொது நூலகங்களும் தமக்குள் நல்லுறவு பேணி நூல்களைப் பரிமாறிக்கொள்ளுதல் வேண்டும்" என்று ஒரு சுற்றறிக்கை. அவ்வளவுதான். நல்லுறவை எப்படிப் பேணுவது, யார் முதலில் பேணுவது, பேணும்போது டீ உண்டா என்பதெல்லாம் அதில் இல்லை.

அதே வாரத்தில் ராதிகாவுக்கும் ஓர் ஆபத்து வந்திருந்தது. அவள் மகள் கவிப்பிரியா அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது. வகுப்பில் டீச்சர் புத்தகத்தைக் கையில் கொடுத்து "படி" என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். "ஆய்வுக்கு வர்றவங்க முன்னாடி இவ வாய்விட்டுப் படிக்கலைன்னா மெல்லக் கற்போர் பெஞ்சுலதான் உட்கார வைக்கணும். அப்புறம் என்னை வந்து கேக்காதீங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அந்த பெஞ்சு வகுப்பின் கடைசியில், விளக்குமாறு சாத்தி வைக்கும் மூலையில் இருந்தது.

ராதிகா ஆவடிப் பக்கம் ஒரு கான்வென்டில் படித்தவள். அங்கே தமிழில் பேசினால் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்த குற்றவாளி சிக்கும்வரை சுமக்க வேண்டும். இன்றைக்கும் யாராவது "மிஸ்" என்று கூப்பிட்டால் அவள் எழுந்து நின்றுவிடுவாள், கூட்டமான பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்திருந்தாலும். மகளாவது பயமில்லாமல் வளரட்டும் என்றுதான், சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தும், வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தாள். "நம்ம வீட்ல பயப்படறதுக்கு நீ ஒருத்தி போதும்" என்று கணவன் கிரணும் சம்மதித்தான்.

ஒரு சாயங்காலம் மழைக்கு ஒதுங்க அம்மாவும் மகளும் நூலகத்துக்குள் போனார்கள். அங்கேதான் அந்த ஆடு இருந்தது. நீல அட்டை போட்ட ஒல்லியான கதைப் புத்தகம். ஓர் ஆடு அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறுகிறது. கவிப்பிரியா புத்தகத்தைப் புரட்டினாள், எழுத்துக் கூட்டினாள், பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"கண்... டக்டர்... கேட்டார். டிக்கெட்! டிக்கெட்! ஆடு..."

அந்த இடத்தில் நூலகர் பூபாலன் ஃபேனை நிறுத்தினார். மூடும் நேரம் வந்துவிட்டது என்று அவர் வாயால் சொல்வதில்லை, ஃபேனால் சொல்வார்.

"அம்மா, ஆடு டிக்கெட் எடுத்துச்சா?"

"நாளைக்கு வந்து மெம்பர் ஆயிட்டு, புக்கை வீட்டுக்கே எடுத்துட்டுப் போலாம்டா."

மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். ராதிகாவுக்குக் குளிரவில்லை. அந்தப் புத்தகத்தை முடித்தாலே போதும், இவள் எதையும் படிப்பாள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மறுநாள் பெஞ்சு விஷயமாகக் கெஞ்சிக் கேட்கலாம் என்று தலைமையாசிரியை தாட்சாயிணியைப் பார்க்கப் போனாள். உள்ளே கூட்டம் நடக்கிறது என்று வெளியே உட்கார வைத்தார்கள். கதவு திறந்தே இருந்தது. நல்லுறவைப் பேணுவதற்காக மேலிடம் அனுப்பிய அலுவலர் வீரராகவன் பேசிக்கொண்டிருந்தார். அவர் சமீபத்தில்தான் வானகரத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தக் களைப்பும் பெருமையும் இன்னும் முகத்தில் இருந்தன.

"நல்லுறவுன்னா இன்னாங்க? யோசிச்சுப் பாருங்க. ரெண்டு தரப்பு. இங்கிருந்து பொருள் அங்க போவுது, அங்கிருந்து இங்க வருது. இதுக்கு நம்ம ஊர்ல ஏற்கெனவே ஒரு நடைமுறை இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்" என்றார் பூபாலன், எது என்று தெரியாமலே.

"சம்பந்தம்! சீர்வரிசை! புஸ்தகத்தைத் தட்டுல வெச்சு, மேளத்தோட ஊர்வலமா எடுத்துட்டு வரணும். போட்டோவும் நல்லா வரும்."

"சார், நடுவுல ஒரு சுவருதான். எட்டிக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சிடும்."

வீரராகவன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "பூபாலன், சீரை யாராவது சுவரு மேல எட்டிக் கொடுப்பாங்களா? அதுக்குப் பேரு வேற."

அடுத்து ஒரு முக்கியமான கொள்கைப் பிரச்சினை எழுந்தது. இரண்டில் யார் பெண் வீடு?

"வாங்கிக்கறது நாங்க. அப்ப நாங்கதானே சார் மாப்பிள்ளை வீடு?" என்றார் தாட்சாயிணி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

"அதெப்படி மேடம்? உங்க ஸ்கூல் வர்றதுக்கு முன்னாடியே எங்க நூலகம் இங்க இருக்கு. வயசுல மூத்தது மாப்பிள்ளையா, பொண்ணா?"

"எங்களுது மாடிக் கட்டடம். உங்களுது சிமெண்ட் ஷீட்டு."

"மாடி இருந்து? உங்க டீச்சருங்க முகம் கழுவக்கூட எங்க குழாய்க்குத்தானே வர்றாங்க?"

"ஒரு குடம் தண்ணிய இப்படிச் சொல்லிக் காட்டுவீங்களா?"

வீரராகவன் மேஜையைத் தட்டி எழுந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "பார்த்தீங்களா! சண்டை வந்துடுச்சு. சம்பந்தம் கூடி வந்துடுச்சு!"

இந்த ஆண்டு நூலகம் பெண் வீடாகவும், அடுத்த ஆண்டு சூழ்நிலையைப் பொறுத்தும் இருக்கலாம் என்று முடிவாயிற்று. சாயங்காலம் ராதிகாவின் முறை வரும்போது தாட்சாயிணிக்குச் சம்பந்தி வேலைகள் நிறைய இருந்தன. "அப்புறம் பார்க்கலாம்மா" என்றார். "யெஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டு ராதிகா வந்துவிட்டாள்.

நேராக நூலகத்துக்கு ஓடினாள். அதற்குள் குழந்தைகள் அலமாரி காலியாகியிருந்தது. அதன் முன்னால் தரையில் மாங்காட்டு டெக்கரேட்டர் துலுக்கானம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வட்டாரத்தில் காதுகுத்தோ சடங்கோ கல்யாணமோ, சீர்த்தட்டு என்றால் அவர்தான். ஆப்பிளைக் கிளியாக்குவார், லட்டைப் பிள்ளையாராக்குவார், குளியல் துண்டை வாத்தாக்குவார். புத்தகங்களைப் பார்த்ததும் அவருக்கு மயில் தோன்றியிருந்தது.

"கிழிஞ்சது, அட்டை மடங்குனது அல்லாம் ஓரமா தள்ளு அண்ணாத்தே" என்று பூபாலனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சீரு பாரு. எவனோ பட்ச்ச புக்கு மேரி தெரியக் கூடாது. தோகைக்குப் பச்ச கீது. கழுத்துக்கு நீலம் வோணுமே, நீலம்... ஆங், இது!"

அவர் கையில் ஆடு இருந்தது.

"அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்களேன்" என்றாள் ராதிகா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. துலுக்கானம் புத்தகத்தை அழகாக வளைத்து, அட்டைக்கு அட்டை பசை தடவி, கழுத்தில் வைத்து அழுத்தினார். பிறகு மொத்த மயிலையும் பளபளவென்ற கண்ணாடித் தாளால் சுற்றி, மேலே ஒரு ரோஸ் ரிப்பனைக் கட்டினார்.

ஊர்வலம் சிறப்பாக நடந்தது. இருபத்தொரு தட்டு. சீர் என்றால் ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். இருபது தட்டுக்குத்தான் புத்தகம் இருந்தது என்பதால் கடைசித் தட்டில் பூபாலனின் மதியச் சாப்பாடும் போனது. நூலக வாசலிலிருந்து கிளம்பிய சீர் மார்க்கெட்டைச் சுற்றி, அம்மன் கோயிலைச் சுற்றி, மெயின் ரோட்டில் லாரிகளை நிறுத்தி, ஒரு முழுக் காலையைச் செலவழித்து அடுத்த வாசலுக்கு வந்து சேர்ந்தது. தாட்சாயிணியும் டீச்சர்களும் ஒரே கலர்ப் புடவையில் நின்று மயிலுக்கு ஆரத்தி எடுத்தார்கள். ட்ரோன் பறந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் சுவர் ஒரு கோடாகக்கூடத் தெரியவில்லை. படத்தைப் பார்த்த மேலிடம், இரு நூலகங்களுக்கும் இடையிலான தடைச்சுவர் அகற்றப்பட்டதாகப் பதிவு செய்துகொண்டது.

ஊர்வலத்தின் ஓரத்தில் கவிப்பிரியா அம்மாவின் கையை உதறிக்கொண்டு குதித்தாள். "அம்மா! ஆடு போவுது! அந்த மயில் கழுத்துல பாரு!"

நல்ல வேளை, பள்ளிக்குத்தானே போகிறது என்று ராதிகா மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒரு வாரம் பொறுத்து, புடவையை இரண்டு தடவை சரிசெய்துகொண்டு, தாட்சாயிணியின் முன்னால் போய் நின்றாள்.

"மிஸ், லைப்ரரி பீரியட்ல அந்தப் புக்கைக் குழந்தைக்குக் குடுப்பீங்களா?"

"சீரைப் பிரிக்கச் சொல்றியா? சம்பந்தி காதுல விழுந்தா என்ன நினைப்பாரு?" தாட்சாயிணி குரலைத் தணித்தார். "இதோ பாரும்மா. எங்க புக்கா இருந்தா கொடுத்துடுவேன். கிழிஞ்சாலும் நம்ம கிழிச்சதுதானேன்னு விட்டுடலாம். இது அடுத்த டிபார்ட்மெண்ட் பொருள். ஆய்வு வரும்போது போட்டோல எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். அதான் கண்ணாடி அலமாரில வெச்சுப் பூட்டியிருக்கேன்."

"எங்க புக்" எங்கே என்று ராதிகா கேட்கவில்லை. அவையும் ஓர் அறையில் பூட்டியிருந்தன. அந்த அறையின் சாவி, மாற்றலாகிப் போன ஓர் ஆசிரியரோடு பொன்னேரிப் பக்கம் போயிருந்தது.

பூபாலனிடம் போனாள்.

"என்கிட்ட இருந்தா கொடுத்துடுவேம்மா" என்றார் அவரும். "கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டா மரியாதையா? நானே இங்க நொந்து போய் இருக்கேன். அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க."

பார்த்தாள். குழந்தைகள் மேஜை மேல் ஓர் அன்னம் உட்கார்ந்திருந்தது. தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதால், பள்ளிக்கூடம் மறுவீட்டுச் சீராகத் தன் வினாவிடைத் தொகுப்புகளை அனுப்பியிருந்தது. வெள்ளை அட்டை என்பதால் அன்னம். அன்னத்தின் மேல் கை படக் கூடாது என்பதால் குழந்தைகள் பிரிவில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அந்தக் காலாண்டின் அறிக்கையில், "இத்திட்டத்தின் விளைவாக இரு நூலகங்களிலும் ஒரு நூல்கூடச் சேதமடையவில்லை" என்று எழுதப்பட்டிருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"அம்மா, ஆடு டிக்கெட் எடுத்துச்சா?" என்று கவிப்பிரியா தினமும் கேட்டாள். இட்லி சாப்பிடும்போது கேட்டாள், தலை பின்னும்போது கேட்டாள். ராதிகா தானாகவே ஒரு முடிவைச் சொல்லிப் பார்த்தாள். ஆடு டிக்கெட் எடுத்துச்சு, பூந்தமல்லியில் இறங்கிச்சு என்றாள். "நீ படிச்சியா?" என்று கேட்டாள் மகள். இல்லை என்றதும் அந்த முடிவை ஏற்க மறுத்துவிட்டாள். பள்ளியில் உதடு ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

கடைசியில் பெஞ்சுப் பயம் மற்ற எல்லாப் பயத்தையும் தள்ளிவிட்டது. வீரராகவன் மயிலைப் பார்வையிட வந்த அன்று, அவர் ஜீப்பின் குறுக்கே போய் நின்றாள் ராதிகா. பேச வேண்டியதை முதல் நாளே ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தாள். அது மறந்துபோய்த் தமிழிலேயே எல்லாம் கொட்டியது. ஆடு, பஸ், கண்டக்டர், மயில் கழுத்து, பெஞ்சு. சொல்லி முடித்தபோது கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அட்டை எதுவும் இல்லை.

வீரராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தத் திட்டத்துல என்னமோ ஒண்ணு குறையுதேன்னு பார்த்துட்டே இருந்தேன். இப்பதான் புரியுது."

"புக்கு சார்" என்றாள் ராதிகா.

"பெத்தவங்க! பெத்தவங்க பங்களிப்பு! சம்பந்தம்னா நடுவுல ஒரு மனுஷி வேணாமா? தாட்சாயிணி மேடம், இந்தம்மாதான் இனிமே நல்லுறவுப் பொறுப்பாளர். மயில் அலமாரிச் சாவிய இவங்க கைல குடுங்க."

கையில் கொடுக்கவில்லை. சிவப்பு நாடாவில் கோத்து, போட்டோ ஒட்டிய அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். "எப்ப வேணா திறந்துக்கலாம்மா, முழு அதிகாரம் உங்களுக்கு" என்றார் வீரராகவன். ஜீப் ஏறும்போது ஒரு வார்த்தை சேர்த்தார். "ஆய்வன்னிக்கு மட்டும் மயில் இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். இல்லைன்னா உங்ககிட்டதான் விளக்கம் கேக்க வேண்டி வரும்."

அன்றைக்கே திறந்தாள். கண்ணாடி அலமாரியின் கதவு சத்தமில்லாமல் விலகியது. ரிப்பனில் கை வைத்த நேரம், அடுத்த கல்யாணத்துக்குத் தட்டுகளைத் திரும்ப எடுத்துப்போக வந்த துலுக்கானம் வாசலிலிருந்து கத்தினார்.

"இன்னாமா பண்ற? கழுத்துல போய் கைய வெக்கிற! ஒரு புக்க உருவுனா தல தொங்கிடும். அப்பால அது மயிலு இல்ல, நாட்டுக்கோயி!"

"நீங்க வந்து திரும்ப ஒட்டித் தர மாட்டீங்களா?"

"ஒட்டலாம். போட்டோல கீற மேரி வருமா? நீ தான விளக்கம் சொல்லணும்? எனுக்கு இன்னா."

விளக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் ராதிகா ரிப்பனிலிருந்து கையை எடுத்தாள். கதவைச் சாத்தினாள். பூட்டியபின் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். நடந்துபோனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"அம்மா, சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்குடா. ஆய்வு முடியட்டும்."

சாவி கழுத்துக்கு வந்தபின் உலகம் கொஞ்சம் மாறித்தான் போயிற்று. சாவியோடு எடுத்த படத்தைக் கிரண் ஸ்டேட்டஸில் வைத்தான். மூக்கைச் சுளித்த சொந்தக்காரர்கள் கைகூப்பும் பொம்மைகளை அனுப்பினார்கள். தாட்சாயிணி "வாங்க ராதிகா, உட்காருங்க" என்றார். மிஸ் முன்னால் ராதிகா வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்தாள். இன்னொரு குழந்தையின் அம்மா அனுசுயா, தன் மகனுக்கு அந்தப் பச்சைத் தோகையிலிருந்து ஒரு புத்தகம் கிடைக்குமா என்று வந்து கேட்டாள்.

"எங்க புக்கா இருந்தா கொடுத்துடுவேன்" என்று பதில் வந்தது. அந்தக் குரல் யாருடையது என்று ராதிகா ஒரு கணம் சுற்றிப் பார்த்தாள். அறையில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

பிள்ளைகள் வேறு போகிறபோக்கில் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேய்த்துவிட்டுப் போனார்கள். ஆய்வு நெருங்கியது. ராதிகா ஒரு வெள்ளைப் பலகை வாங்கிவந்து, கான்வென்டில் பரிசு வாங்கிய உருண்டையான கையெழுத்தில், தானே எழுதி, மயிலின் காலடியில் வைத்தாள்.

ஆய்வு நாள் வந்தது. வீரராகவனோடு அவருக்கும் மேலே ஓர் அதிகாரி வந்திருந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்றே அழைத்தார்கள். மயிலைச் சுற்றி வந்து, கைப்பேசியில் இருந்த படத்தோடு ஒப்பிட்டு, "அப்படியே இருக்கு" என்று பாராட்டினார். பிறகு அதே அறையில் இரண்டாம் வகுப்பை நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள்.

"கவிப்பிரியா, படி" என்றார் டீச்சர்.

பாடப்புத்தகம் குழந்தையின் கையில் இருந்தது. உதடு ஒட்டிக்கொண்டது. டீச்சர் ராதிகாவைப் பார்த்தார், பெஞ்சைப் பார்ப்பது போலவே. அலமாரிப் பக்கத்தில் நின்ற ராதிகா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கவிப்பிரியாவின் கண் பாடத்தை விட்டு நகர்ந்தது. அம்மாவிடம் வந்தது. மயிலின் நீலக் கழுத்துக்குப் போனது. அங்கிருந்து மெல்ல இறங்கி, பலகையில் நின்றது. வீட்டில் சிலேட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து.

"கை... கையால்... தொடாதீர்கள்" என்று படித்தாள். கணீரென்ற குரல். சந்தேகம் தீராதவள் போல மறுபடியும் படித்தாள், இப்போது ஒரே மூச்சில். "கையால் தொடாதீர்கள்!"

முதலில் கைதட்டியது பெரியவர். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தாட்சாயிணி தட்டினார், டீச்சர் தட்டினார், சம்பந்தி முறையில் வந்திருந்த பூபாலன் தட்டினார். ராதிகாவும் தட்டினாள். பெஞ்சு போயிற்று என்ற நிம்மதியில் அவள்தான் எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினாள்.

"வாயே திறக்காத குழந்தை சார் இது! திட்டம் வந்தப்புறம் எப்படிப் படிக்குது பாருங்க" என்றார் வீரராகவன்.

"பிரமாதம்" என்றார் பெரியவர். "புஸ்தகம்னா கிழியும், தொலையும். பலகைல அந்தப் பிரச்சினையே இல்ல. எல்லா நூலகத்துக்கும் இதே கையெழுத்துல ஒண்ணு அனுப்பிடுங்க. அடுத்த வருஷச் சீருக்குப் பலகையே வெச்சுக்கலாம்."

இவ்வளவு கைதட்டலைக் கவிப்பிரியா அதுவரை கேட்டதில்லை. அந்த தைரியத்தில், பள்ளிக்கூடத்துக்குள் முதல்முறையாக, எல்லோருக்கும் கேட்கும்படி, அவள் தானாகவே வாய் திறந்தாள்.

"அம்மா, ஆய்வு முடிஞ்சிடுச்சா? ஆடு டிக்கெட் எடுத்துச்சா?"

"என்ன ஆடு?" என்று திரும்பினார் பெரியவர்.

ராதிகா ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். இருந்தும் இன்னொரு முறை எழுந்து நிற்பவள் போல விறைத்தாள். கழுத்தில் அட்டை ஆடியது.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். "டிக்கெட் இல்லாம ஏறிடுச்சு. இறக்கி விட்டாச்சு."